நுரை போன வாய்க்கால்

ஆலைக்கழிவு கலந்து வாய்க்கால் முழுக்கச் சோப்பு நுரை பொங்கியது. அடியில் ஓடும் மீன் கண்ணில் படாமல் மீன்கொத்திக்குப் பட்டினி. நுரையைத் தின்று தீர்க்கக் கிருமிகளை இறக்கிவிட்டு, அது கம்பியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

“விடாதீங்கடா! அப்படித்தான்!”

நுரை மளமளவென்று அமுங்கியது.

“சோப்புத் துணுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாலு, ஒரு தலை. நுரை கட்டுற வாலை மென்னு முடிச்சிட்டோம் ஐயா!” என்றன கிருமிகள். “தலைதான் ஒரே கசப்பு. அடியில துப்பிட்டோம்.”

“துப்பினா துப்பிட்டுப் போங்க! மேல நுரை இருக்கா? இல்லை! ஜெயிச்சாச்சு! இன்னைக்கு விருந்துடா!”

மீன்கொத்தி பாய்ந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கூழாங்கல் தெரிந்தது. கிருமிகள் துப்பியது தெரிந்தது. அதற்கு நடுவே மீன்கள் அத்தனையும் மல்லாந்து கிடந்தன.