போயா நாளில் வந்த மெயில்

டிங் என்றது சோமபாலவின் இடுப்பிலிருந்த கைப்பேசி.

போயா எனும் பௌர்ணமி நோன்பு நாளின் பிற்பகல். புத்த பிக்குகள் பிரித் ஓதும் குரல் காற்றில் மிதந்து வந்து, விகாரையின் அரச மரத்தடியில் வெள்ளுடையோடு நோன்பிருந்தவர்களைப் பாதித் தூக்கத்தில் ஆழ்த்தியிருந்தது. இலைகளின் நிழல்கூட மெல்லத்தான் அசைந்தது.

திரையைப் பார்த்ததும் சோமபாலவின் கிறக்கம் கலைந்தது. வங்கியிலிருந்து மெயில். மூன்று மணிக்குள் பாஸ்வேர்டை அனுப்பாவிட்டால் கணக்கு முடங்கிவிடுமாம். ரயில்வேயில் முப்பது வருடம் உழைத்து, ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் அதில்தான் இருந்தது.

பதில் அனுப்ப, திரையில் எழுத்துகளைத் தேடினார்.

"நோன்பு நாள்லயும் போனை நோண்டணுமா, மாத்தயா?" என்றாள் பக்கத்தில் கண்மூடி அமர்ந்திருந்த பெண்மணி.

"பேங்க் விஷயம், நோனா. அவசரமா பாஸ்வேர்டு கேக்குறாங்க."

"எந்த பேங்க்கும் அதைக் கேக்காது. அனுப்பாதீங்க."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. போறது என் பணம். மாத்தறைக் கிளை மேனேஜரே எழுதியிருக்காங்க. என் பதிலுக்காக ஆபீஸ்ல உக்காந்திருக்காங்களாம்."

"மேனேஜர் பேரு போட்டிருக்கா?"

"குமுதினி ரத்நாயக்க."

பெண்மணி மெல்லக் கண் திறந்தாள். அவள் மடியில் ஓர் அரச இலை சுழன்று வந்து விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"போயாவுக்கு எந்த பேங்க் திறந்திருக்கு, மாத்தயா? நேத்து சாயங்காலம் அந்தக் கிளையைப் பூட்டிட்டு வந்தவ, காலையிலேர்ந்து உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."