எரிந்து போன ஃபியூஸ்

நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்றைக்கு ஊமையாகிவிட்டால், நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

மனைவி கேட்டபோது வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"எல்லாம் எதிர்வீட்டுச் சுண்டு பண்ணின வேலை."

ஷெட்டில் நின்றது அந்த நாலு சக்கர பைக். குழந்தைகள் ஓட்டுகிற குட்டி சைஸ். மகளுக்கு எட்டு வயது முடிந்ததற்கு அப்பா ஆசையாக வாங்கித் தந்தது. பட்டனை அமுக்கினால் புர்ரென்று கிளம்பும். இன்றைக்கு எவ்வளவு அமுக்கினாலும் 'டிக்'கென்றுகூடச் சத்தம் இல்லை.

"நேத்து மத்தியானம் நம்ம பொண்ணு வீட்டையே சுத்திச் சுத்தி ஓட்டினா. ஒரு மக்கர் இல்லை. சாயங்காலம் அந்தச் சுண்டு ஏறி உட்கார்ந்தா. அதோட படுத்துக்கிச்சு."

"அவ பட்டனைத்தானே அமுக்கினா?" துணி வாளியை இடுப்பில் வைத்தபடி கேட்டாள் மனைவி. "தொட்டாலே உடையறதுக்கு அது வண்டியா, முட்டையாங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதான். அதான் கேக்கறேன்."

எழுந்ததிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்த மகள் சிணுங்கினாள். "சுண்டு ஒண்ணும் பண்ணலைப்பா. அவளுக்கு ஒரு ரவுண்டு தரேன்னு நான்தான் சத்தியம் பண்ணினேன்."

"என்னைக் கேட்டா பண்ணினே? வண்டி வந்த அன்னிக்கே சொன்னேன். இன்னிக்கு அவளை ஏத்தினா, நாளைக்குத் தெருவே வரிசையில நிக்கும்."

கேட் திறந்தது. சுண்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அம்மா வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தெருவுக்கே வேன்கார அக்கா. சுண்டுவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"தம்பி, இவளாலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாம். ராத்திரி ஒரு வாய் சாப்பிடலை. மன்னிப்பு கேளுடி."

"சாரி மாமா. நான் மெதுவாத்தான் அமுக்கினேன். இனிமே உங்க வீட்டுப் பக்கமே வர மாட்டேன்."

மகள் ஹெல்மெட்டுக்குள்ளேயே விசும்பத் தொடங்கினாள்.

வீட்டுக்காரர் ஷெட்டின் கூரையைப் பார்த்தார். "சரி, விடுங்கக்கா. பேட்டரி போயிருக்கும். மெக்கானிக் வருவான்."

"வரட்டும். அதுக்குள்ள நான் ஒரு பார்வை பார்த்துடறேன். எம் பொண்ணு கெடுத்திருந்தா நான்தானே சரி பண்ணணும்?"

"ஐயோ வேணாம். கை வெச்சா வாரன்ட்டி போயிடும்."

"சீட்டைத் தூக்கிப் பார்த்தா வாரன்ட்டி எங்கேயும் ஓடிப் போயிடாது தம்பி."

அக்கா வேனிலிருந்து கொண்டு வந்த டூல்ஸ் பையைக் கீழே வைத்தாள். முதலில் வண்டியை அணைக்கிற சிவப்பு சுவிட்ச்சைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். குழந்தைகள் வண்டி, பிரேக் பிடிக்காவிட்டால் கிளம்பாது. பிடித்தும் கிளம்பவில்லை. சீட்டைத் தூக்கி, பேட்டரியில் டெஸ்ட் பல்பை வைத்தாள். பளிச்சென்று எரிந்தது.

"பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"அப்ப மோட்டார்தான். நான்தான் சொல்றேனே, விடுங்க!"

நிழலில் நின்றும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு கை துண்டால் முகத்தைத் துடைத்தது; இன்னொரு கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது.

மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம்கூட, "அப்படியே அந்த ஃபேனையும் பார்த்துடுங்க" என்கிற மனுஷர் இவர்! வீடு தேடி வந்து சும்மா பார்த்துக் கொடுக்கிறவளை ஏன் விரட்டுகிறார்?

அக்கா பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கறுப்பு மூடியைத் திறந்தாள். அவள் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி. பிறகு உள்ளங்கையால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சாச்சு. ஃபியூஸ் எரிஞ்சு போச்சு."

"நானாம்மா எரிச்சேன்?" சுண்டுவின் உதடு துடித்தது.

"இல்லடி. அது தானா எரியும். யார் மேலயும் தப்பு இல்லை."

பையிலிருந்து புது ஃபியூஸ் ஒன்றை எடுத்து அழுத்திப் பொருத்தினாள்.

"எரிஞ்சது எப்படி இருக்கும்? காட்டுங்க அத்தை!" மகள் எட்டிப் பார்த்தாள்.

"தூக்கிப் போட்டுட்டேனே கண்ணு."

எப்போது போட்டாள் என்று மனைவி பார்க்கவில்லை.

பட்டனை அமுக்கியதும் வண்டி புர்ரென்றது. இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மகள் தன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுண்டுவின் தலையில் கவிழ்த்தாள்.

"நீதான் ஃபர்ஸ்ட்!"

வண்டி நத்தை மாதிரி வாசலைச் சுற்றக் கிளம்பியது.

மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தபோது, அவர் இளித்துக்கொண்டு நின்றார். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஃபியூஸா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

பின்னால் செம்போடு ஒருத்தி நிற்பது தெரியாமல், அக்கா கையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"பரவாயில்லை தம்பி. நீங்க கழட்டிச் சட்டைப் பையில வெச்சிருக்கற ஃபியூஸை மட்டும், உங்க பொண்ணு கண்ணுல படறதுக்குள்ள எங்கேயாவது எடுத்து வெச்சிடுங்க."