சக்கரமில்லாத வண்டி

"இதுவரிக்கும் வுழுந்த ஹெலிகாப்டர் அத்தினியும் பைலட்டோட பயத்தாலதான் வுழுந்துச்சு," என்றான் பைலட் குணசேகரன், 1957-இல் எண்ணூர் இறங்குதளத்தில் நின்றபடி.

"எஞ்சின் நின்னாலும் வுழும், மாமு." சக பைலட் வரதன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தான்.

"அதை எங்க வச்சி நசுக்குவே? இதுக்குச் சக்கரமே இல்லியே, நைனா!"

"இரும்புக் காலு ரெண்டு கீதுல்ல?"

குணசேகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெட்கிப்போன வரதன் பழத்தைத் தரையில் போட்டுவிட்டு, "இன்னிக்கு யாரு உன் கிராக்கி?" என்றான்.

"யாரோ. கடலை மேலேர்ந்து பாக்கணுமாம்."

போன வாரம்தான் குணசேகரனுக்குக் கழுத்தை நீட்டிய வரலட்சுமி வந்து ஏறினாள்.

ஹெலிகாப்டர் ஒரு முழம் எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, பழத்தின்மேல் மெதுவாக இறங்கி நசுக்கியது. பிறகுதான் கடல் பக்கம் பறந்தது.