கடைமடைத் தண்ணீர்

"என் வயல்ல தீ வைக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

சில்வியோ காபிக் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தார்.

"உங்க மருமக. வேற யாரு?" என்றாள் ட்ரேசி.

ஆஸ்திரேலியாவின் பர்டெக்கின் பக்கம் கரும்பை வெட்டுவதற்கு முன்னால் வயலைக் கொளுத்திவிடுவார்கள். தோகையெல்லாம் எரிந்து கரும்பு மட்டும் நிற்கும். சில்வியோவின் அப்பா இத்தாலியிலிருந்து வந்த காலம் தொட்டு அந்தக் குடும்பத்திலும் அதுதான் வழக்கம்.

"சர்க்கரை வாங்குறவன் இப்போ புகையைக் கணக்குப் பாக்குறான் சில்வியோ. கவர்மென்ட்டும் புகையைக் குறை, குறைன்னு பின்னாடியே வருது. மழை முன்ன மாதிரியா பெய்யுது? பச்சையா வெட்டிட்டு, தோகையைத் தரையிலேயே விட்டா மண்ணு காயாது. ரெனாடோ இதைத்தானே சொல்லிட்டிருந்தான்?"

விபத்தில் போய்விட்ட மகனின் பெயரைக் கேட்டதும் சில்வியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவனுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்றேன். நம்ம ஊருல கரும்பு வரிசைக்கு நடுவுல இருக்கிற சால்லதான் தண்ணி பாய்ச்சுறோம். தோகை மிதந்து போய் சாலெல்லாம் அடைச்சுக்கும். பாதி வயலோட தண்ணி நின்னுடும். கடைமடைக் கரும்பு அப்படியே காயும்."

"ஒரு வருஷம் விட்டுப் பாருங்களேன்."

"சரி, ஆத்தங்கரை வயலை எடுத்துக்கோ. அறுப்பு முடிஞ்சதிலேருந்து மழை வர்ற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேர்ந்துட்டா, இனிமே எந்த வயலுக்கும் நான் தீ வைக்க மாட்டேன். ஒரு தடவை நின்னாலும் நீ தோகையைக் கொளுத்திடணும்."

"கொளுத்திட்டு நானும் கிளம்பிடறேன். டவுன்ஸ்வில்லுக்கே வந்துடுன்னு அம்மா கூப்பிட்டுட்டே இருக்காங்க."

கிழவர் மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"போறதுன்னா போ. இங்க யாரு உன் கையைப் பிடிச்சு இழுக்கிறா?"

அந்த வருடம் ஆற்றங்கரை வயலை எந்திரம் பச்சையாகவே வெட்டியது. தரை முழுக்கத் தோகை மெத்தைபோலக் கிடந்தது. கிளப்பில் பீர் குடிக்கப் போன சில்வியோவை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னப்பா, உன் மருமக மண்ணுக்குப் போர்வை போத்தியிருக்காளாமே? குளிருதாமா?"

சில்வியோவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

மாலையில் ட்ரேசி தண்ணீரைத் திறந்துவிடுவாள். காலையில் கடைமடைக்கு ஓடுவாள். ஒவ்வொரு சாலின் முனையிலும் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருக்கும்.

"வந்துச்சா?" என்பார் சில்வியோ.

"வந்துச்சு!"

"ஏதோ உன் அதிர்ஷ்டம். அடுத்த தடவை பாரு, பாதியிலேயே நிக்கும்."

இவளைப் பார்த்துப் பச்சையாக வெட்டிய இருவர், சால் அடைத்துக்கொண்டதென்று தோகைக்குத் தீ வைத்துவிட்டார்கள். ட்ரேசி இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தாள். ஆனால் அவள் வயலில் மட்டும் தண்ணீர் ஒருமுறைகூட நிற்கவில்லை. கட்டையிலிருந்து மறுதாம்புக் கரும்பு பச்சைப்பசேலென்று கிளம்பியது.

மழை வந்தது. தகரக் கூரை அதிர அடித்துப் பெய்த அன்று, சில்வியோ கொட்டகைக்குப் போய், வயலுக்குத் தீ வைக்கும் தகர எண்ணெய்ப் பந்தத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்தா. தோத்தவன் கொடுக்கிறேன், வாங்கிக்கோ. எங்கேயாவது துருப்பிடிக்கட்டும்."

ட்ரேசி அவரைக் கட்டிக்கொண்டாள்.

"அட, விடு பொண்ணே. காபி ஆறுது" என்று உறுமினார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டது யார் என்று இருவருமே பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள், கடைமடைக்கு அந்தப் பக்கத்து வயல்காரர் கீத் வேலியோரம் வந்து நின்றார்.

"நானும் அடுத்த அறுப்புல பச்சையா வெட்டலாம்னு இருக்கேன் ட்ரேசி. உன் மாமனாரை எனக்கும் கொஞ்சம் அனுப்பி வைப்பியா?"

"அவரையா? அவர்தான் இது வேலைக்கே ஆகாதுன்னு என்கிட்ட பந்தயம் கட்டினவரு. அவரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"விளையாடாதே. நீ தண்ணி விட்ட மறுநாளெல்லாம், விடியறதுக்கு முன்னாடியே வந்து, சேத்துல இறங்கி, ஒவ்வொரு சாலா அடைச்ச தோகையைக் கையாலேயே வாரிப் போட்டுட்டு, நீ வர்ற சத்தம் கேட்டதும் திருடன் மாதிரி ஓடுவாரே, அவரைத்தான் கேக்குறேன்!"