கைதட்டாத கூட்டம்

தவத்துக்கு நிரோஜன் கொடுக்க வேண்டியது நானூற்று அறுபத்தைந்து டொலர். கடன் வாங்கினவன் செத்து ஐந்து கிழமை. நோபல் பார்க் புறநகரின் பூங்காவில் பின்னேர வெயில் மேடைத் தகரத்தில் கொதிக்கிறது. நிரோஜன் இருந்த கவிதைக் குழுவின் கோடை நிகழ்ச்சி. ஊரிலுள்ள அவன் மனைவிக்கு அனுப்ப ஒரு நீல வாளியில் காசு சேர்க்கிறார்கள். அதிலிருந்து தன் காசைக் கேட்கத்தான், இறைச்சித் தொழிற்சாலைச் சப்பாத்தோடே வந்து, கடைசிக் கதிரையில் இருக்கிறான் தவம். அவனுக்கும் இரண்டு கிழமை வாடகை நிலுவை. இந்தக் கூட்டம் கைதட்டாது. பிடித்த வரிக்கு விரல் சொடுக்கும். தவமும் சொடுக்கிப் பார்க்கிறான். பன்னிரண்டு வருடம் குளிரறையில் விறைத்த விரல்களில் சத்தமே வரவில்லை. மேடையில் குழுவைச் சேர்ந்த தாரகா, நிரோஜன் கடைசியாக எழுதியதை வாசிக்கிறாள். "விசா இல்லை. வீடு இல்லை. தவம் அண்ணையின்ர காசும் இன்னும் குடுக்கேல்லை." நூறு விரல்கள் சொடுக்குகின்றன, தகரத்தில் மழை விழுந்தாற்போல. பக்கத்தில் பவளராணி அன்ரி கண்ணைத் துடைக்கிறார். "ஆர் தம்பி அந்தத் தவம்? செத்த பிறகும் விடமாட்டான் போல கிடக்கு." வாளி தவத்தின் முன்னால் வந்து நிற்கிறது. அவன் எழும்புகிறான். "பிள்ளை, அந்த வரியை வெட்டிவிடு. அவன் எப்பவோ தந்திட்டான்!" தாரகா அவனைப் பார்க்கிறாள், தாளைப் பார்க்கிறாள். பிறகு பேனை எடுத்து, அந்த வரியின் மேல் மெல்லக் கோடு இழுக்கிறாள். ஒருவரும் விரல் சொடுக்கவில்லை.