ஊதாவுக்கு அடியில்

செயின் இல்லாத அந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டை, கொழுந்தன் பாக்கியநாதன் முற்றத்தில் உருவிச் சாக்கின் மேல் வைத்தான். செலினின் கணவன் இறந்து எட்டு மாதமாக நின்ற வண்டி. இனித் தானே ஓட்டப்போவதாக அவள் சொல்லியிருந்தாள். பழைய கிரீஸைத் துடைத்ததும் தண்டின் முனையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அது பொருந்தும் இணைப்பிலும் அதேபோல் ஒன்று.

“அண்ணன் அடையாளம் வச்சுல்லா கழட்டியிருக்கான். ரெண்டு பொட்டும் நேரா வந்தாத்தான் வண்டி உதறாது, மதினி.”

“நெயில் பாலிஷ்லா இது? நம்ம வீட்ல ஏது?”

“பெயிண்டா இருக்கும்.”

“அது கூடவா எனக்குத் தெரியாது?”

பாக்கியநாதன் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். அவள் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். சிவப்புக்கு அடியில் ரோஸ் இருந்தது. ரோஸுக்கு அடியில் ஊதா. கழற்றிய ஒவ்வொரு முறையும் கணவன் புதிதாகப் பூசியிருக்கிறான், வேறு வேறு குப்பியிலிருந்து.

“சுரண்டாதீங்க மதினி, அடையாளம் போயிரும்.”

“பக்கத்துல நீ ஒரு கோடு கீறி வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் விழும் பக்கமாகத் தண்டைத் திருப்பினாள். ஊதாவின் ஓரம் பெயரத் தொடங்கியது.