பிரிக்காத பாக்கெட்

அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் படக் கார்டுகளுக்குக் காசைக் கொட்டுவது இதுதான் கடைசி என்று மனைவி சுகந்தியிடம் சத்தியம் செய்துவிட்டே இளம்பரிதி அந்தப் பாக்கெட்டை வாங்கி வந்தான். உள்ளே எந்தக் கார்டு என்பது வெளியே தெரியாது. ஆண்டுக்கணக்காக அவன் தேடும், குடை விரித்து நிற்கும் பெண்ணின் படமுள்ள குடைக்காரி கார்டு இதிலும் இல்லையென்றால், இனித் தேட முடியாது. ஒரு வாரமாகியும் அவன் அதைப் பிரிக்கவில்லை.

"பிரிச்சுத்தான் பாருங்களேன்."

"பிரிச்சா, இல்லேன்னு தெரிஞ்சிடும் சுகு."

"நல்லா இருக்கே! அவ்வளவு காசு குடுத்தது பாக்காம இருக்கறதுக்கா?"

"இப்போதைக்கு உள்ள அவ இருக்கா."

சுகந்தி கத்திரிக்கோலைக் கொண்டுவந்து பாக்கெட்டின் ஓரத்தில் வைத்தாள். அவன் தடுக்கவில்லை; கண்களை மட்டும் மூடிக்கொண்டான். வெட்டும் சத்தம் கேட்கவில்லை; கத்திரிக்கோலை மேசைமேல் வைக்கும் சத்தம்தான் கேட்டது.

"ஏங்க, அவ குடையை விரிச்சுக்கிட்டு யாருக்காக நிக்கறா?"